தமிழில் யோசிப்பது குற்றமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், ஆங்கிலம் பழகுவோருக்கான பகுதியில், ‘ஹேவ் எ ரெஸ்ட்’, ‘டேக் எ லுக்’, ‘மேக் அன் எஃபர்ட்’, ‘பே அட்டென்ஷன்’ என்று அன்றாடம் புழங்கும் தொடர்களை வரிசையாகப் போட்டுப் பொருளும் கொடுத்திருந்தீர்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிக்கும்போது, எதிர்மறைக்கு ‘நாட்’ சேர்த்தால் போதும், அதிலும் நம்மவர்கள் தடுமாறுவது தமிழில் யோசிப்பதை விடாததால்தான் என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்த பிறகு காலைக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

வேறு பத்திரிகை எழுதியிருந்தால் மடித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். தமிழில் யோசிக்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் நாளிதழ் எழுதியதுதான் வலிக்கிறது.

நான் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஷிப்யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் மேனேஜர் ஆங்கிலத்தில் சொல்வதை, ஊரிலிருந்து வந்த தம்பிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதே என் வேலையில் பாதி. ஆங்கில எதிர்மறை எங்கே காலை வாரும் என்பதை அங்கே நின்று தெரிந்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

‘நாட்’ சேர்த்தால் போதும் என்பதே சரியில்லை ஐயா. உங்கள் பட்டியலில் இருந்த ‘பே அட்டென்ஷன்’ ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி பெய்ட் அட்டென்ஷன்’ என்பதோடு ‘நாட்’டைச் சேர்த்து ‘ஹி பெய்ட் நாட் அட்டென்ஷன்’ என்று எந்த வெள்ளைக்காரரும் இன்று சொல்வதில்லை. ஒன்று, ‘டூ’ என்ற துணைவினையைக் கூப்பிட்டு ‘ஹி டிட்ன்ட் பே எனி அட்டென்ஷன்’ என்க வேண்டும். இல்லாவிட்டால் வினையைத் தொடாமல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘நோ’ போட்டு ‘ஹி பெய்ட் நோ அட்டென்ஷன்’ என்க வேண்டும். நேர்மறையில் ‘சம்’ வரும் இடத்தில் எதிர்மறையில் ‘எனி’ வரும். ‘மச் டைம்’ என்பது ‘ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்’ என்றால் இயல்பாக இருக்கிறது. ‘ஐ ஹேவ் மச் டைம்’ என்றால் காதில் உறுத்துகிறது. இதெல்லாம் ‘நாட்’ ஒன்றால் தீர்கிற விஷயமா?

‘ஹேவ்’ இன்னும் வம்பு. ‘என்னிடம் இருக்கிறது’ என்ற பொருளில் வந்தால், பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவன்ட் எ க்ளூ’ என்று சொல்லலாம். ஆனால் ‘ஹேவ் லஞ்ச்’, ‘ஹேவ் எ ரெஸ்ட்’ என்று ஒரு செயலைக் குறிக்கும்போது அந்த வேலை நடக்காது. சாப்பிடவில்லை என்பதற்கு ‘ஐ டிட்ன்ட் ஹேவ் லஞ்ச்’ என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் படித்த பாடப்புத்தகத்தில் ‘ஐ ஹேவ் நாட் எ பென்’ என்று அச்சாகியிருந்தது. அதை மனப்பாடம் செய்தவர்கள் பிற்பாடு ‘ஐ ஹேவ் நாட் லஞ்ச்’ என்று சொன்னால் தப்பு தமிழில் யோசித்ததிலா, பாதி விதியைச் சொல்லிக்கொடுத்ததிலா? உங்கள் பகுதியும் பாதி விதியைச் சொல்லிவிட்டு மீதிக்கு எங்கள் தாய்மொழியைக் காரணம் காட்டுகிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். டேங்குக்குள் வெல்டிங் வேலை. உள்ளே ஆபத்தான வாயு இருக்கிறதா என்று பார்க்கும் கேஸ் செக் முடியாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து, ‘மேக் நோ மிஸ்டேக், ஐ வில் கேன்சல் தி பெர்மிட்’ என்றார். ‘இது உறுதி, இந்த டேங்க் வேலைக்கான பெர்மிட்டை ரத்து செய்தே தீருவேன்’ என்று அவர் எச்சரிக்கிறார். பக்கத்தில் நின்ற தம்பி என் காதருகே வந்து, ‘அண்ணே, தப்பு ஏதும் பண்ணிடாதீங்கங்கிறாரு, சரிதானே?’ என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்குப் பொருள் தெரியும். ‘டோன்ட் மேக் எனி மிஸ்டேக்ஸ்’ என்றால் அவன் சொன்னது முழுக்கச் சரி. ‘மேக் நோ மிஸ்டேக்’ என்று வாக்கியத்தின் முதலில் வந்து நின்றால் அது பெரும்பாலும் வேறு சங்கதி. அவன் ஆங்கிலத்திலேயே யோசித்திருந்தாலும் யாராவது சொல்லித் தராமல் இது விளங்கியிருக்காது. இப்படிப்பட்ட இடங்களைத்தானே உங்கள் பகுதி எடுத்துச் சொல்ல வேண்டும்?

இன்னொன்று. வேலை இடத்தில் ‘கேஸ் ரீடிங் எடுத்தாயா?’ என்று கேட்டால் ‘நெவர் டேக்’ என்று பதில் வரும். இன்றைக்கு எடுக்கவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர், எப்போதுமே எடுப்பதில்லை என்று புரிந்துகொண்டு பதறிப்போனார். இந்த ‘நெவர்’ சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் சேர்ந்து பேசிப் பழகிய சிங்கப்பூர்ப் பேச்சு. இதற்கும் தமிழ் மூளையைத்தான் குற்றம் சொல்வீர்களா?

தமிழில் யோசிப்பதால் இடறும் இடங்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ‘யாரும் வரவில்லை’ என்பதை அப்படியே கொண்டுபோய் ‘எனிபடி டிட்ன்ட் கம்’ என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. ‘நோபடி கேம்’ என்று மறுப்பை எழுவாயிலேயே வைக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அதே தமிழ் யோசனை கைகொடுக்கும் இடங்களை உங்கள் பகுதி ஏன் மறந்தது? ‘சட்டை செய்யவில்லை’ என்கிறோம். ‘அவன் சட்டை செய்தான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மறுப்பில் மட்டுமே உயிர் வாழும் தொடர் அது. ஆங்கிலத்திலும் அப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. நாம் ‘ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை’ என்றால் அவர்கள் ‘டிட்ன்ட் லிஃப்ட் எ ஃபிங்கர்’ என்கிறார்கள். ‘பொட்டுத் தூக்கமில்லை’ என்றால் ‘டிட்ன்ட் ஸ்லீப் எ விங்க்’. ‘அதைப் பற்றி மூச்சு விடவில்லை’ என்பதற்கு ‘டிட்ன்ட் ப்ரீத் எ வர்ட்’ என்று ஏறக்குறைய அதே மூச்சு அங்கேயும் வருகிறது. இந்தத் தொடர்களைத் தமிழோடு சேர்த்து வைத்துச் சொன்னபோது எங்கள் தம்பிகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் யோசித்ததால்தான் அது முடிந்தது.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. என் அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தாதி ‘ஆன்ட்டி, யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜி?’ என்று கேட்டார். அம்மா ‘யெஸ், யெஸ்’ என்றார். ஆமாம், எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். ஆங்கிலத்தில், ஒன்று இல்லை என்றால் ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும், கேள்வி எப்படி வந்தாலும் சரி. தாதி எந்த மருந்து என்று கேட்க, அம்மா தான் தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொல்ல, அதை ஒவ்வாமை என்று பதியப் போனார்கள். நான் உள்ளே நுழைந்து தடுத்தேன். அந்தத் தாதியை நான் நோகவில்லை. என்னோடு வேலை பார்த்த சீன நண்பரிடம் இதைச் சொன்னபோது, மாண்டரினிலும் ‘ஆமாம், இல்லை’ என்றுதான் பதில் வரும், தன் தாயாரும் இப்படித்தான் மாட்டிக்கொள்வார் என்றார். அவருடைய தாயாரிடம் சீன மொழியில் யோசிக்காதீர்கள் என்று யாரும் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.

எழுத உட்கார்ந்ததும் பழைய வருத்தங்களும் சேர்ந்து வருகின்றன, மன்னிக்கவும். 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியபோது அதை மனமார வரவேற்றவன் நான். ஆனால் அப்புறம் எந்தக் குடும்ப தின விருந்தில் நாடகம் போட்டாலும், உடைந்த ஆங்கிலம் பேசும் பாத்திரம் ஒரு தமிழ் மாமாவாகவே இருந்தார். கூட்டம் சிரித்தது, நம் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அந்தத் தலைமுறை வளர்ந்து, பெற்று, பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசத் தயங்குகிற காலத்துக்கு வந்துவிட்டோம். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் தமிழ் மொழி விழாவில் பேசுகிறோம். அதே வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாளைப் புரட்டினால், தமிழில் யோசிப்பது ஆங்கிலத்துக்குத் தடை என்று படிக்கிறது. என் பேத்தி படித்தாள். ‘தாத்தா, அப்போ நான் தமிழ்ல நெனைக்கக் கூடாதா?’ என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் மேலே இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

தாங்கள் மொழி தெரிந்தவர். ஆங்கிலமே தன் எதிர்மறையைப் பலமுறை மாற்றிக்கொண்ட மொழி என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ‘ஐ நோ நாட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் பிற்காலத்தில் ‘டூ’வுக்கு மாறினார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று மறுப்பு அடுக்குவது அங்கே பிழையாக இருக்கவில்லை. அவ்வளவு வளைந்து வந்த பாதையில் எங்கள் தம்பிகள் ஓரிடத்தில் கால் தடுக்கினால், தடுக்கிய இடத்தைக் காட்டுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த வாரம் முதல், அந்தப் பகுதியில் ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் அதன் எதிர்மறை வாக்கியத்தை முழுதாக அச்சிடுங்கள். அதற்குக் கீழே ஒரு எதிர்மறைக் கேள்வியும், அதற்கு ‘யெஸ்’ஸா ‘நோ’வா என்ற சரியான பதிலும் இருக்கட்டும். பொருளைத் தமிழில் கொடுங்கள். இடம் போதாவிட்டால் தொடர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. தங்கும் விடுதிகளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கட்டில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கும் தம்பிகளை எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வரியை இனி போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
ஜூரோங் வெஸ்ட்