பஸ் ஏறப் பழகியவரே பழக்கிவிடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி மையங்களில் எதைக் கற்றுத்தருவதும் சிறப்பாசிரியர் வேலை என்றே இருக்கிறது. அதே குறைபாட்டோடு ஒன்றைக் கற்றுத் தேறியவரை அடுத்தவருக்குத் துணையாகப் போடலாமே என்று யோசிப்பவர்கள் குறைவு. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-வது பிரிவு, சக மாற்றுத்திறனாளிகளின் ஆதரவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்தியா அதை 2007-லேயே ஏற்றது.

தனியாக டவுன் பஸ்ஸில் போய்வருவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு வேலை. இவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு. சென்னையில் 29சி பஸ்ஸுக்கு நிற்பவர் 29ஏ வந்தாலும் ஏறிவிடுவார், 29-ஐ மட்டும் பார்த்துவிட்டு. பலகையில் உள்ளபடியே எண்ணையும் எழுத்தையும் பெரிதாக அச்சிட்ட அட்டை கையில் இருக்க வேண்டும். மின்பலகையில் எண் மறைந்து ஊர்ப்பெயர் ஓடும்போது குழம்பிவிடுவார். எண் திரும்ப வரும்வரை பார்க்கப் பழக்க வேண்டும். இன்னொன்று, அதே எண் எதிர்ப்பக்கமும் வரும். 'போகும்போது மருந்துக்கடை பக்கம், வரும்போது கோயில் பக்கம்' என்று அட்டையின் இரு புறமும் படம் ஒட்டினால் தீர்ந்தது. இங்கெல்லாம் தானே தடுமாறிப் பழகியவருக்கு, அடுத்தவர் எங்கே தடுமாறுவார் என்பது சொல்லாமலே தெரியும்.

இப்படிக் கூடப்போய்க் கற்றுத்தரும் துணைவருக்கும் பயிற்சி வேண்டும். செய்து காட்டு, காத்திரு, பாராட்டு: இந்த மூன்று போதும். காத்திருப்பதுதான் கடினம். மனதுக்குள் பத்து எண்ணச் சொல்லலாம்; எண்ண வராதவர் கயிற்றில் கோத்த பத்து மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளட்டும். அதற்குமுன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டால் அவர் இன்னொரு அம்மாவாகிவிடுவார், கற்பவர் எதையும் கற்கமாட்டார். முதலில் பக்கத்து இருக்கை, பிறகு இரண்டு இருக்கை பின்னால், கடைசியில் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் என்று துணைவர் விலகிப் போக வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரு படி மட்டும் பின்னால் வந்தால் போதும். முதலிலிருந்து தொடங்க வைத்தால் இருவருமே சோர்ந்துவிடுவார்கள்.

ஜோடி சேர்க்கும்போது நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார் என்று பாருங்கள். இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். பணம் கடன் கேட்பது, 'யாரிடமும் சொல்லாதே' என்பது போன்றவை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு ஆசிரியரின் படத்தைக் காட்டி வையுங்கள். முடியும் நாளையும் முதல் நாளே காலண்டரில் வட்டமிட்டுக் காட்டுங்கள். திடீரென நிறுத்தினால் 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று கற்பவர் ஒடுங்கிவிடுவார்.

கடைசியாக ஊதியம். ஆண்டுவிழாவில் கைதட்டி ஒரு சால்வை போர்த்துவதோடு முடித்துக்கொள்வது அநியாயம். இது உழைப்பு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, மானியம் பெறும் ஒவ்வொரு மையத்திலும் 'சக பயிற்றுநர்' என்று ஒரு பணியிடத்தையாவது உருவாக்கி, மதிப்பூதியத்தை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர்கள் சிலர்,
சென்னை