டவர் மண்டபத்தின் கதையைத் தமிழிலும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய மரபு நடை ஏற்பாட்டாளர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை கொழும்பு மருதானையில், பழைய இடங்களை நடந்தே சுற்றிக்காட்டும் உங்கள் மரபு நடையில் நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். அங்குள்ள பழைய நாடக அரங்கான டவர் மண்டபம் பற்றி நீங்கள் கொடுக்கும் கையேடு தமிழிலும் வேண்டும்.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தேன். கையேடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. வழிகாட்டி பேசியது முழுக்கச் சிங்களம். நான் பின்னால் நின்று மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "மிஸ், சத்தம் போடாதீங்க" என்றார் வழிகாட்டி. சரி, நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு மாணவி, காதில் பிடிபட்ட ஆண்டுகளை மட்டும் கையேட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்: 1911, 1978. ஹென்ட்ரிக் செனவிரத்ன கட்டிய மண்டபம் 1911 டிசம்பரில் சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்தோடு திறக்கப்பட்டதும், பேசும் படம் வந்த பிறகு அது படமாளிகையாகிப் போனதும், 1978இல் தனிச் சட்டம் போட்டு அதற்கென மன்றம் அமைத்ததும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்குத் தெரியவந்தன. கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இத்தனைக்கும் இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத கதையா? அந்த மேடையில் கொடிகட்டிப் பறந்த நூர்த்தி என்ற, பாட்டு நிறைந்த சிங்கள நாடக வகை, பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தது. நம்முடைய இசை நாடகத்திலும் அதே பார்சிச் சாயல் உண்டு. நூர்த்திக்கு முந்திய சிங்கள நாட்டார் நாடகமான 'நாடகம' தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்று சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவே எழுதியிருக்கிறார். அந்த 'நாடகம' பாணியை எடுத்துத்தான் 1956இல் 'மனமே' நாடகத்தை அவர் மேடையேற்றினார். உங்கள் கையேட்டில் பார்சிக்காரருக்கு ஒரு வரி இருக்கிறது. கூத்துக்கு அதுவும் இல்லை.

இந்த நகரத்தில் அபராதம், தடை, எச்சரிக்கை என்றால் மூன்று மொழியிலும் பலகை தயாராக இருக்கும். வரலாறு என்று வந்தால்தான் அச்சகத்தில் இடம் போதாமல் போகிறது! மன்னிக்கவும், கோபம் எட்டிப் பார்த்துவிட்டது.

உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. மழையிலும் வெயிலிலும் ஆட்களைச் சேர்த்து நடப்பது சின்ன வேலையல்ல. கேட்பது ஒன்றுதான்: தமிழிலும் ஒரு கையேடு, கூத்துக்கு அதில் ஒரு பத்தி. மொழிபெயர்ப்பை நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்க்க மட்டும் ஒருமுறை என்னிடம் தாருங்கள். பஸ் பெயர்ப்பலகைகளில் இருக்கும் பிழை மலிந்த தமிழை மண்டப வாசலிலும் படிக்க எங்களால் முடியாது. அடுத்த தவணை எனது அடுத்த வகுப்பு வருகிறது. அதற்குள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாடக ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை