உன் வாலட்டைப் பார்த்தேன், அம்மு

அன்புள்ள அம்மு,

நீ டிஜிட்டல் படங்களை என்எஃப்டியாக, அதாவது உரிமை பதிவான டோக்கனாக, வாங்கி வைத்திருக்கும் வாலட்டின் முகவரியை அனுப்பியிருந்தாய், திறந்து பார்த்தேன். "சும்மா வைத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்றுதான் அனுப்பினாய். ஆனால் பிளாக்செயினில், பல கணினிகளில் பகிர்ந்து கிடக்கும் அந்தப் பொதுப் பதிவேட்டில், சும்மா என்று ஒன்று கிடையாது, எதை எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கினாய், எதை மறுநாளே விற்பனைக்குப் போட்டாய் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அங்கே கிடக்கிறது. சம்பளக் கணக்கைக்கூட என்னிடம் காட்டாத பெண், இதை ஊருக்கே திறந்து வைத்திருக்கிறாய்! அந்த முகவரியை உன் முழுப்பெயரோடு எங்கேயும் போட்டுவைக்காதே.

பார்த்ததைச் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. பத்தாயிரம் பொம்மை முகங்கள் உள்ள ஏதோ ஒரு தொகுப்பிலிருந்து மூன்று வாங்கியிருக்கிறாய். மூன்றையும் வாங்கிய விலைக்கு மேலே வைத்து விற்கப் போட்டிருக்கிறாய், ஒருவரும் சீந்தவில்லை. பட்டியலின் அடியில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ஜிஃப் இருக்கிறது: பிக்சல் பிக்சலாக வரைந்த ஒரு ஜன்னல், வெளியே மழை, உள்ளே மேசை விளக்கு ஒன்று நடுங்கி நடுங்கி எரிகிறது. ஒரே படத்துக்குப் போட்ட இருபது எடிஷன்களில், அதாவது பிரதிகளில், ஒன்று, விலை இரண்டு டெஸ் (டெஸோஸ் என்ற பிளாக்செயினின் நாணயம்). அதை மட்டும் நீ விற்கப் போடவே இல்லை. விளக்கு நடுங்கும்போது மேசையின் நிழலும் ஒரே ஒரு பிக்சல் நகர்கிறது, கவனித்தாயா? யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அந்த ஒரு பிக்சலுக்காக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் அந்த ஆள். நீ முதலீடு என்று நினைத்து வாங்கியதையெல்லாம் விடு, இதைப் போல வாங்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மலிவாக இருப்பதால் இது இரண்டாந்தரம் என்று உன் தம்பி சொல்வான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற டிஜிட்டல் ஓவியரின் என்எஃப்டி படம் 6.9 கோடி டாலருக்கு மேல் போன செய்திதான். அதே மார்ச்சில்தான் டெஸோஸ் செயினில் 'ஹிக் எட் நுங்க்' என்ற படம் விற்கும் தளம் தொடங்கியது, அதைப் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் வரவில்லை. அப்போது எத்தீரியம் என்ற பெரிய பிளாக்செயினில் கேஸ், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டும் கட்டணமே, பல சமயம் படத்தின் விலையைத் தாண்டிக்கொண்டிருந்தது, ஓவியர் ஒரு படத்தை மின்ட் பண்ணவே, அதாவது செயினில் டோக்கனாகப் பதிவு செய்யவே, கையிலிருந்து நிறைய இறக்க வேண்டும். டெஸோஸில் அந்தக் கட்டணம் காசு மாதிரியே தெரியாது. அதனால் ஓவியர்கள் இருபது, ஐம்பது என்று எடிஷன் போட்டு ஒரு டெஸ்ஸுக்கும் அதற்குக் கீழேயும் விற்றார்கள். பெயர்பெற்றவர்களும் வந்தார்கள், செயற்கை நுண்ணறிவுக் கலைஞர் மாரியோ க்ளிங்கெமான் மாதிரி. விற்ற கையோடு அந்த டெஸ்ஸை வைத்து இன்னொருவர் படத்தை வாங்கினார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

இதெல்லாம் மின்சாரத்தைத் தின்கிறது என்றும் தம்பி சண்டைக்கு வருவான். டெஸோஸ் தொடக்கத்திலிருந்தே ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக், அதாவது கணினிகளை மின்சாரம் தின்னப் போட்டியிட விடாமல் நாணயத்தைப் பிணை வைத்துப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறை. எத்தீரியமும் 2022 செப்டம்பரில் அதற்கு மாறிவிட்டது, மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கேஸ் மட்டும் அதனால் குறையவில்லை, அது கூட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். ஏதாவது வாங்குவதானால் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வாங்கு.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: கொடுத்தது போனது என்று எழுதிவிடு. மாதம் ஒரு தொகையை ஒதுக்கு, தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான். படத்தின் விலை ஒரு பக்கம், அதைக் கணக்கிடும் நாணயத்தின் விலை இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து விழும். வரி விஷயத்தை நீ இருக்கும் நாட்டுச் சட்டப்படி ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்.

எஃப்எக்ஸ்ஹாஷ் என்ற தளத்தின் பக்கம் போயிருக்கிறாயா? 2021 நவம்பரில் வந்தது. அங்கே ஓவியர் படத்தைப் போடுவதில்லை, நிரலைப் போடுகிறார். நீ மின்ட் பட்டனை அழுத்தியதும் ஒரு ஹாஷ், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தனிக் கோவை, பிறக்கும், அதை விதையாக எடுத்துக்கொண்டு நிரல் உனக்கென்று ஒரு படம் வரையும். என்ன வரும் என்று எழுதியவருக்கே தெரியாது. ஐந்து விநாடி திரை வெறுமையாக இருந்து, அப்புறம் கோடுகள் ஒவ்வொன்றாக ஓடி வந்து நிற்கும், அதைப் பார்ப்பதற்கே கொடுத்த காசு சரி. சில சமயம் படு மொக்கையாகவும் வரும், அதையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது கொஞ்சம் அலுப்பான விஷயம், ஆனால் இதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். பெரும்பாலும் டோக்கன்தான் செயினில் இருக்கிறது, படம் வேறெங்கோ இருக்கிறது. டோக்கனின் மெட்டாடேட்டாவை, அதாவது அதோடு வரும் விவரக் குறிப்பை, திறந்து படக் கோப்பின் முகவரியைப் பார். சாதாரண இணைய முகவரி இருந்தால் யோசி, அந்த சர்வரை ஒருவர் அணைத்தால் போச்சு. ஐபிஎஃப்எஸ் (பல கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் வலையமைப்பு) என்று தொடங்கி நீளமாக ஒரு எழுத்துக் கோவை இருந்தால், அது அந்தக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே பிறந்த முகவரி, ஒரு பிக்சல் மாறினாலும் முகவரி மாறிவிடும். ஆனால் ஐபிஎஃப்எஸ்ஸில் இருப்பதாலேயே நிரந்தரம் என்று எண்ணாதே, யாராவது ஒருவர் அதைப் பின் செய்து, அதாவது தன் கணினியில் விடாமல் சேமித்து, வைத்திருக்க வேண்டும். ஹிக் எட் நுங்க்கை நிறுவியவர் 2021 நவம்பரில் திடீரென்று தளத்தை மூடினார். விற்பனையை நடத்தும் ஒப்பந்த நிரல் செயினில், கோப்புகள் ஐபிஎஃப்எஸ்ஸில், தளத்தின் நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் சில மணி நேரத்தில் மாற்றுத் தளங்கள் எழுந்தன. பிறகு அந்தக் கூட்டமே சேர்ந்து 'டேயா' என்று ஒன்றை நடத்த ஆரம்பித்தது. எல்லாத் தளத்துக்கும் அப்படி ஒரு கூட்டம் வாய்க்காது. அதனால் வாங்கிய ஒவ்வொரு கோப்பையும் உன் கணினியில் இறக்கி, இன்னொரு வட்டிலும் போட்டு வை.

"ரைட் கிளிக் பண்ணினால் எனக்கும் அதே படம் கிடைக்குமே" என்று கேட்பவர்களோடு வாதாடாதே. கிடைக்கும்தான். ஓவியருக்குக் காசு போகாது, அவ்வளவுதான் வித்தியாசம், எனக்கு அது போதுமான வித்தியாசம். நீ வாங்குவதும் டோக்கனைத்தான், பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அவர் அனுமதி எழுதித் தராமல் சட்டையில் அச்சடித்து விற்கக் கிளம்பாதே. மறுவிற்பனையிலும் ஓவியருக்குப் பங்கு, அதாவது ராயல்டி, போகும் தளமாகப் பார்த்து வாங்கு. 2023-இல் ஓப்பன்சீ என்ற பெரிய விற்பனைத் தளம் அதைக் கொடுப்பவர் விருப்பம் என்று மாற்றிய பிறகு நிறைய ஓவியர்கள் நொந்துபோனார்கள்.

திருட்டைப் பற்றி நீ என்னைவிட அறிந்தவள், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. வாலட்டைத் திறக்கும் அந்த 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வை, போனில் படம் எடுக்காதே, யார் கேட்டாலும் கொடுக்காதே, நான் கேட்டாலும் கொடுக்காதே. வாங்க ஒரு வாலட், வைத்துக்கொள்ள ஒரு வாலட் என்று பிரித்துவிடு. படத்தைத் தேடி வாங்காமல் ஓவியரின் சொந்தப் பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போய் வாங்கு, அடுத்தவர் படத்தைத் திருடி மின்ட் பண்ணுகிறவர்கள் ஏராளம். நீ கேட்காமலே வாலட்டில் வந்து விழும் டோக்கனைத் தொடாதே, அதிலிருக்கும் இணைப்பைச் சொடுக்கி, வாலட் கேட்கும் ஒப்புதலுக்குக் கையெழுத்துப் போட்டால் உள்ளதெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம், அந்த ஜன்னல் ஓவியரின் பழைய வேலைகளை நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அதே ஜன்னலைப் பகலில் வரைந்த ஒன்று கிடைத்தது, விளக்கு அணைந்திருக்கிறது, மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு கோப்பை. அதை வாங்கி உன் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்காமல் வந்து விழுந்ததுதான், ஆனால் அனுப்பியது உன் அப்பன், ஸ்பேம் என்று எரித்துவிடாதே.

அன்புடன்,
அப்பா