நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில ராத்திரியும் ஃபேக்டர் 8 ஊசி இருக்கணும்: மறுபடியும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஹீமோபிலியா (ரத்தம் சரியா உறையாத நோய்) உள்ள 11 வயசு பையனோட அம்மா

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் 8 மருந்தை தாலுகா அரசு ஆஸ்பத்திரியில 24 மணி நேரமும் இருப்பு வைக்கக் கோருதல் சம்பந்தமா

மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இதே விஷயமா திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுத்து ரசீது வச்சிருக்கேன், ஆன்லைன்லயும் போட்டேன், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதுன்னு ஒரு மெசேஜ் வந்ததோட சரி. அதனால திரும்ப எழுதுறேன், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க ஐயா.

என் பையனுக்கு சிவியர் ஹீமோபிலியா ஏ. ஃபேக்டர் 8ங்கற புரோட்டீன் அவன் ரத்தத்துல 1 சதவீதம்கூட இல்ல. நமக்கெல்லாம் கல்லீரல்ல இருக்கற செல்லுங்க இதைச் சுரந்து ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கு, உள்ள எங்கயாவது சின்ன குழாய் கிழிஞ்சாலும் இது போய் உறையற வேலையில சேர்ந்துக்கும், அதனால நமக்குத் தெரியாமலே எத்தனையோ கசிவு தானா நின்னுடுது. அவனுக்கு நிக்காது. வெளியில இருந்து ஊசியில ஏத்தணும், ஏத்துனதும் சுமார் 12 மணி நேரத்துல பாதியாயிடும்.

1. இந்த மருந்தை அரசாங்கம் இலவசமா குடுக்குது, அதுக்கு நாங்க காலம் பூரா நன்றியோட இருக்கோம். ஆனா நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில கிடையாது, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

2. அங்கயும் ராத்திரி போனா ஸ்டோர் பூட்டியிருக்கு, சாவி வச்சிருக்கவங்க காலையிலதான் வருவாங்கன்னு சொல்றாங்க. பகல்ல போனா சில நாள் ஸ்டாக் இல்ல.

3. ரத்தம் உறையாத நோய்னா வெட்டுப்பட்டா கொட்டும்னு எல்லாரும் நினைக்கறாங்க ஐயா, சின்ன வெட்டு எங்களுக்கு அவ்வளவு பெரிய பிரச்சனை இல்ல, உள்ள மூட்டுக்குள்ள கசியறதுதான் எங்க பெரிய பிரச்சனை. விழ வேண்டாம், அடிபட வேண்டாம், தூங்கிக்கிட்டு இருப்பான், முட்டிக்குள்ள ஏதோ பண்ணுதும்மான்னு எழுந்திருப்பான், அப்ப வெளிய ஒண்ணும் தெரியாது, அந்த நேரமே மருந்து ஏறணும், 2 மணி நேரத்துக்குள்ள ஏத்துனா நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க. எங்களுக்கு அந்த 2 மணி நேரம் ரோட்டுலயே போயிடுது. பாலம் வேலை முடியாத அந்த ரோடு உங்களுக்குத் தெரியும், சமுதாயக் கூடம் திறக்க நீங்களும் அதுலதான் வந்தீங்க. ஆட்டோ கிடைச்சு, மெயின் ரோடு வந்து, பஸ் பிடிச்சு, ஒவ்வொரு குண்டு குழியிலயும் அவன் என் கையை இறுக்குவான், போய்ச் சேரும்போது முட்டி தேங்காய் அளவு வீங்கிக் கொதிக்கும். உள்ள நின்ன ரத்தத்துல இருக்கற இரும்பு மூட்டு ஜவ்வைக் கெடுக்குது, ஜவ்வு தடிச்சுப் போய் அதுலேயே மறுபடி மறுபடி கசியுது, கடைசியில எலும்பும் தேயுது. வலது கால் இப்பவே நேரா நீட்ட வரல. மருந்து இல்லாம வந்த ஊனம் இல்ல ஐயா இது, மருந்து இருந்தும் நேரத்துக்குக் கிடைக்காம வந்த ஊனம். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

4. வலிக்குதுன்னு பக்கத்துல போனா இடுப்புல ஒரு டைக்ளோஃபெனாக் வலி ஊசி போடறேங்கறாங்க. சதையில ஊசி போட்டா அந்த இடத்துலயே ரத்தம் கட்டும், அந்த மருந்து வகை, ரத்தம் உறைய உதவற தட்டணுக்களையும் சரியா வேலை செய்ய விடாது. ஹீமோபிலியா கார்டை எடுத்து நீட்டி, ஒவ்வொரு டூட்டி டாக்டருக்கும் நர்ஸுக்கும் நானே விளக்கணும். 10வது வரைக்கும் படிச்சவ நான். தயவு செஞ்சு அவங்களுக்கு ஒரு பயிற்சி குடுங்க.

5. தலையில அடிபட்டா? ஸ்கேனுக்குக்கூட காத்திருக்கக் கூடாது, முதல்ல ஃபேக்டர், அப்புறம்தான் மத்ததெல்லாம். 1 கிலோ எடைக்கு 1 யூனிட் குடுத்தா 2 சதவீதம் ஏறும். என் பையன் 30 கிலோ, தலைக்குள்ள கசிஞ்சா 100 சதவீதம் வரைக்கும் ஏத்தணும், அதுக்கு 1500 யூனிட், 500 யூனிட் பாட்டில் மூணு. ஐயா, மூணே மூணு பாட்டில். 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், தடுப்பூசி வைக்கற ஐஸ் பெட்டி நம்ம ஆஸ்பத்திரியில ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அதே சூடுதானே அதுவும்! இடமில்லையா, கரண்ட் இல்லையா, என்னதான் இல்ல? நம்ம வேலூர் சி.எம்.சி.யில 5 பேருக்கு ஜீன் தெரபி பண்ணி அவங்க உடம்பையே ஃபேக்டர் 8 சுரக்க வச்சிருக்காங்க, 2024 கடைசியில பேப்பர்ல வந்துச்சு, அதைப் படிச்சுட்டு நான் அழுதுட்டேன். அது நடக்கற இதே மாநிலத்துல மூணு பாட்டில் ஒரு தாலுகாவுக்கு வந்து சேர மாட்டேங்குது.

6. ஹீமோபிலியா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே இருக்கு. நாங்க சலுகை கேக்கல.

வெளிய வாங்கிக்கோங்கன்னு சொன்னவங்களும் இருக்காங்க, ஒரு தடவை மருந்துக்கே எங்க வீட்டுக்காரர் கொத்து வேலையில சம்பாதிக்கறது பத்தாது. அம்மா வழியா வர்ற நோய்தானேன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டவங்களும் உண்டு, மூணுல ஒரு பங்கு குடும்பத்துல யாருக்கும் இல்லாம புதுசா வருதுன்னு அவங்களுக்கு யார் சொல்றது, எங்க பக்கம் ஒருத்தருக்கும் கிடையாது. அதை விடுங்க.

நான் கேக்கறது இதுதான் ஐயா. தாலுகா ஆஸ்பத்திரியில ராத்திரி பகல் எந்நேரமும் ஒரு தலைக்காய அளவு ஃபேக்டர் 8 இருக்கணும், சாவி டூட்டி நர்ஸ் கையில இருக்கணும். ரெண்டு மூணு டோஸ் ஐஸ் பெட்டியில வீட்டுக்குக் குடுத்துவிட அனுமதி வேணும், நரம்புல போட நான் கத்துக்கத் தயாரா இருக்கேன். ஃபேக்டர் 8 செய்யற வேலையைச் செய்யற எமிசிசுமாப் ஊசி தோலுக்கடியில போடறது, 4 வாரத்துக்கு ஒரு தடவைகூட போடலாம்னு சொல்றாங்க, அதுக்கு இவனைப் பரிசீலிக்கச் சொல்லுங்க. மூணும் ஒரே நேரத்துல முடியாதுன்னா முதல்ல அந்த மூணு பாட்டிலயாவது வைக்கச் சொல்லுங்க ஐயா. இந்த மனுவையும் துறைக்கு அனுப்பிட்டோம்னு முடிச்சுடாதீங்க, எந்தத் தேதியில இருந்து வைப்பாங்கன்னு எழுத்துல ஒரு பதில் குடுங்க.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி பையனோட அம்மா

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகள், ஃபேக்டர் அளவு பரிசோதனை ரிப்போர்ட், மாற்றுத்திறனாளி அட்டை நகல், வலது முட்டி எக்ஸ்ரே நகல்.