பட்டைக்கு அடியில் பார்

அன்புள்ள மகளுக்கு,

எந்த மரத்தை வெட்டலாம் என்று குறித்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் பூச்சிகளை எண்ணியே வயதானவன் நான், சும்மா இருக்க முடியுமா? வெட்டவே கூடாது என்று பாடம் எடுக்கப் போவதில்லை, பயப்படாதே.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், மரம் எடுத்த காட்டிலும் எடுக்காத காட்டிலும் குவளைகளைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, உள்ளே விழும் பூச்சிகளை எண்ணினோம். வெட்டிய பக்கம்தான் இனங்கள் அதிகம். 'பெரிய பாதிப்பு இல்லை' என்று துணிந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தபோது வெட்கமாகிவிட்டது. புதிதாக வந்தவை எல்லாம் எந்த வெட்டவெளியிலும் கிடைக்கிற, வெயில் தாங்கும் எறும்பும் வண்டும். நிழலையும் ஈரத்தையும் நம்பியிருந்தவற்றில் பலவற்றைக் காணோம். மேலே கிளைகள் விலகினால் கீழே தரை சூடாகும், சருகு காயும். வீட்டுக்காரர்கள் போய் விருந்தாளிகள் நிறைந்த வீட்டில், தலையை எண்ணிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்!

தலை எண்ணிக்கை சொல்லாத இன்னொன்று, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது. போர்னியோவின் மழைக்காட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. சருகை மக்கச் செய்வது, விதைகளைத் தின்பது, இடம் மாற்றுவது போன்ற வேலைகளில் பூச்சி முதலான சிற்றுயிர்களின் பங்கு, மரம் எடுத்த காட்டில் பாதி வரைக்கும் குறைந்திருந்தது. வேலை நின்றுவிடவில்லை, வேறு உயிர்கள் ஈடுகட்டின. ஆனால் அப்படித் தாங்கிப் பிடிக்க எப்போதும் ஆள் இருக்குமா?

உன் கையில் நேரடியாக இருப்பது செத்த மரம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஐரோப்பாவில் ரோசாலியா என்று ஒரு நீள்கொம்பு வண்டு உண்டு. சாம்பல் கலந்த நீலம், கறுப்புத் திட்டுகள், உணர்கொம்பின் கணுக்களில் கறுப்புக் குஞ்சம். வெயில் படும் செத்த பீச் மரம் (பழம் தரும் பீச் அல்ல, அங்குள்ள ஒரு காட்டு மரம்) என்றால் அதற்கு உயிர். வெட்டி அடுக்கிய கட்டைகளிலும் கோடையில் வந்து முட்டையிடும். புழு மரத்துக்குள்ளேயே சில வருடங்கள் வளர வேண்டும். அதற்குள் லாரி வந்து கட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடும். காட்டில் வேறு செத்த மரம் இல்லையென்றால் வண்டு என்ன செய்யும், அடுத்த அடுக்கைத் தேடிப் போகும். கட்டையை முட்டையிடும் பருவத்துக்கு முன்னாலேயே அப்புறப்படுத்தினால் இந்தப் பொறி இல்லை. தேதியை மாற்றினாலே போதுமான காரியம் இது.

பின்லாந்தில் காட்டு உயிரினங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, ஒருவகையில் இல்லாவிட்டால் இன்னொரு வகையில், செத்த மரத்தை நம்பி வாழ்கின்றன. அதனால் 'காட்டைச் சுத்தமாக வை' என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டுப் பாதியையாவது விட்டுவை. ஸ்வீடனில் சில மரங்களை ஆள் உயரத்துக்கும் மேலே வெட்டி, அடிக்கட்டையை நட்டுக்க நிற்க விடுகிறார்கள். பட்டை துளைக்கும் வண்டு பெருகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். புயலில் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரங்கள் கூட்டமாகச் சாய்ந்த இடத்தில் அந்தப் பயம் நியாயம்தான். பல வருடம் உளுத்துப்போன கட்டையில் அந்த வண்டுக்கு வேலையில்லை. அதற்கு வேண்டியது புதுப் பட்டை.

இன்னொன்று, கட்டை இழுக்கும் தடத்தை வருடத்துக்கொரு இடத்தில் போடாதே. கனத்த சக்கரம் ஏறி இறுகிய மண்ணில் புழு பூச்சி திரும்பக் குடியேற நெடுநாள் ஆகும். பழைய தடத்திலேயே வண்டி போகட்டும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அளவாக மரம் எடுத்த காடு இன்னும் காடுதான். அதை அழித்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டால் இழக்கிற பூச்சிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். நீ குறிக்கிற கோடு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

என் பழைய பூதக்கண்ணாடியைத் தனியாக அனுப்புகிறேன். விளிம்பில் கீறல் இருக்கும், நடுவில் நன்றாகத் தெரியும். முதல் நாள் விழுந்து கிடக்கும் ஏதாவது ஒரு கட்டையின் பட்டையைக் கொஞ்சமாக நெம்பிப் பார். பார்த்ததும் அதே இடத்தில் மூடிவிடு. என்ன இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா