முட்டியை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர் என்று சொன்னாலே பலருக்குத் தெரியும். வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. போன வருடம் பி.பி.இ.டி. என்கிற ராணுவ உடல்தகுதித் தேர்வில் 9 அடி பள்ளத்தைத் தாண்டி இறங்கியபோது வலது முட்டி திரும்பிக்கொண்டது. அன்றைக்குப் பெரிதாக வலியில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வீங்கிக் கிடந்தது.

கேட்டகரி, அதாவது ராணுவத்தில் கொடுக்கும் மருத்துவத் தகுதி நிலை, போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் ஓடினேன். லீவில் வந்தபோது காட்டிய இடத்தில் சுளுக்கு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போன நாலாம் நாள், பூட்ஸ் லேஸ் கட்டிவிட்டு எழுந்தால் காலை நீட்ட முடியவில்லை. பூட்டிக்கொண்ட மாதிரி மடங்கியே நின்றது.

"ஓட்டம் போனா போகட்டும்டா தம்பி, கால் போகக்கூடாது" என்று தோளில் சாய்த்து எம்.ஐ. ரூமுக்கு, எங்கள் யூனிட் மருத்துவ அறைக்கு, கூட்டிப்போன ஹவில்தார் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும் என்று மெடிக்கல் ஆபீசரிடம் எனக்காகப் பேசிய நர்சிங் அசிஸ்டென்ட்டையும் மறக்கமாட்டேன்.

ஆபரேஷன் செய்த டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஃபைல் அட்டையில் பிறை நிலா மாதிரி முட்டி ஜவ்வை வரைந்து காட்டினார். வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு, கிழிசல் அங்கேதான், தைத்தால் ஒட்டும் என்றார். கிழிந்ததை வெட்டி எடுத்தால் சீக்கிரம் நடக்கலாம், ஆனால் பின்னால் மூட்டு தேயும் என்றும் சொன்னார். நான் அவசரப்பட்டேன். அவர் பொறுமையாகப் பேசித் தையலுக்குச் சம்மதிக்க வைத்தார்.

ஆறு வாரம் ஊன்றுகோல். தொடை மெலிந்து காலே என்னுடையது மாதிரி இல்லை. பிசியோதெரபி மேடம் திங்கட்கிழமைதோறும் தொடையை டேப் வைத்து அளப்பார். அரை சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் டேப்பை என் கண் முன்னால் பிடித்துக் காட்டுவார். அந்த அரை சென்டிமீட்டருக்காகவே அடுத்த வாரம் முழுக்கக் காலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன்.

ஊரில் வேர்க்கடலை அறுவடையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மச்சானுக்கும், போனில் ஒருநாள்கூட அழாத என் மனைவிக்கும் நன்றி.

இப்போது 2 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். என் தகுதியை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு இன்னும் பாக்கி இருக்கிறது. அண்ணே, அடுத்த வருடம் நீங்கள் பென்ஷனில் ஊருக்குப் போகும்போது, உங்கள் கறுப்புப் பெட்டியை ரயில் வரைக்கும் நான்தான் தூக்கி வருவேன். வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.