முகூர்த்த மேடையைப் பார்த்து வாசிக்க ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை முகூர்த்தங்கள் தொடங்கிவிட்ட நிலையில், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களின் கவனத்துக்கு ஒரு செய்தியைக் கொண்டு செல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மண்டபம், சமையல், புடவை, புகைப்படம் என ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் அலைந்து ஆள் தேடும் நாம், அந்த ஒன்றரை நாளும் காதில் விழப்போகும் இசையை மட்டும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அப்படி மறந்ததன் விலையை எங்கள் குடும்பம் ஒருமுறை கொடுத்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகளின் திருமணம் நடந்தது. மண்டபத்தார் ஏற்பாடு செய்த ஒலிபெருக்கிக்காரரே அத்தனை இசையையும் பார்த்துக்கொள்வார் என்றார்கள். நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். மேளம் வைக்கவில்லை. மாங்கல்யத்தை எல்லோரிடமும் காட்டி ஆசி வாங்கி வந்ததும், அவர் பென்டிரைவில் வைத்திருந்த கெட்டிமேளத்தை ஒலிக்கவிட்டார். ஆனால் மாப்பிள்ளையின் கைவிரலில் மஞ்சள் கயிறு சிக்கிக்கொண்டது. முதல் முடிச்சு விழுவதற்குள் பதிவு முடிந்துபோய், வரிசையில் அடுத்ததாக இருந்த ஒரு பிரிவுத் துயரப் பாடல் மண்டபம் முழுக்கக் கேட்கத் தொடங்கியது. அட்சதையைக் கையில் வைத்திருந்தவர்கள் போடலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் கண் கலங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் தாயார் இன்றுவரை அதைச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார்.

கெட்டிமேளம் எதற்காக வந்தது என்பதை நம் பெரியவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தாலி ஏறும் அந்தச் சில நொடிகளில் தும்மலோ அழுகையோ, எங்கோ யாரோ பேசும் வேண்டாத சொல்லோ மணமக்கள் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் புரோகிதரோ பெரியவர் ஒருவரோ கையை உயர்த்தி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதும், அதுவரை வாசித்துக்கொண்டிருந்ததை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தவிலும் தாளமும் நாகஸ்வரமும் ஒன்றுசேர்ந்து உச்ச வேகத்தில் முழங்குகின்றன. முடிச்சு விழத் தாமதமானால் முழக்கமும் நீள்கிறது; கடைசி அட்சதை விழுந்த பிறகே தணிகிறது. மேடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

அந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சென்ற ஆவணியில் என் மகள் திருமணத்துக்கு, பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்திலேயே நாகஸ்வரம் வாசிக்கும் நாயனக்காரரைத் தேடிப் போனேன். அவர் நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை உதட்டில் ஈரப்படுத்தி, நூலில் கோத்துத் தொங்கும் ஊசியால் அதன் வாயைச் சரிசெய்துகொண்டே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் வீட்டுச் சடங்குகளை வரிசையாகச் சொல்லுங்கள், எதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்பதுதான். இத்தனை கல்யாணங்களுக்குப் போய்வந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியையும் அத்தையையும் உட்காரவைத்துக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் போனேன். அதன் பிறகு ஒரு பிற்பகல் முழுவதும் பேசி முடிவு செய்தோம்.

மாப்பிள்ளை அழைப்பு மாலையில் நடப்பது, ஊர்வலத்தில் ஆட்கள் நின்று நின்று நடப்பார்கள், அவசரம் இல்லை. ஆகவே கல்யாணி, காம்போதி, சங்கராபரணம் போன்ற பெரிய ராகங்களை விரிவாக வாசிக்க அதுவே இடம் என்றார் அவர். விடிந்தால் பூபாளம், பௌளி, மலயமாருதம், பிறகு பிலஹரி. அந்த நேரத்தில் மண்டபத்தில் பாதிப் பேர் காபிக்கும் குளியலுக்கும் நடமாடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் தவிலைத் தணித்துத் தட்டச் சொல்கிறேன் என்று அவரே முன்வந்து சொன்னார். கன்னிகாதானத்துக்கு என்ன வாசிக்கலாம் என்று கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, சஹானா என்றார். மகளின் கையைப் பிடித்து நான் தாரைவார்த்துக் கொடுத்தபோது, தவில் ஏறக்குறைய நின்றுபோய், அந்த ராகம் மட்டும் இழைந்து வந்தது. மேடையில் நின்ற எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. முகாரி பக்கம் போக வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அங்கே நாங்கள் ஒன்றை மாற்றினோம். எழுபத்தெட்டு வயதான என் அத்தை, தன் தாயாரிடம் கற்ற லாலிப் பாட்டுகளை ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுத்து, பச்சைப்பிடி என்னும் வண்ணச் சோற்று உருண்டைகளைச் சுற்றிப் போட்டு முடிந்ததும் நாயனம் நின்றது; ஒலிவாங்கியும் இல்லை. ஊஞ்சலைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தையோடு சேர்ந்து பாட, பின்வரிசையில் இருந்தவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றார்கள். வீட்டுக் குரல்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வையுங்கள் என்று எல்லாக் குடும்பங்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டுகள் எத்தனை வீடுகளில் பரணில் கிடக்கின்றனவோ!

பந்தி நேரத்தில் பக்கத்து இலைக்காரரோடு பேச முடிகிற அளவுக்கு மெல்லிசை இருந்தால் போதும். வரவேற்பு இளையவர்களுடையது, அங்கே திரைப்பாடலோ செண்டை மேளமோ அவர்கள் விருப்பப்படி இருக்கட்டும். நான் திரையிசைக்கு எதிரானவன் அல்லன். எந்தப் பாடல், எந்த வரிசையில், எவ்வளவு சத்தத்தில் என்பதை வீட்டார் ஒருவர் முன்கூட்டியே கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சத்தத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாகஸ்வரம் கோயில் பிராகாரத்திலும் தேரோடும் வீதியிலும் கேட்பதற்கென்று உருவான கருவி. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் நன்கு உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து இன்றும் அதைச் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருதி மிகுந்த திமிரி நாயனம் வழக்கில் இருந்த காலத்தில், நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுருதி குறைந்த, நீளமான பாரி நாயனத்தைக் கையாண்டு அதைப் பரவலாக்கினார். அந்தக் கனிந்த நாதத்தையும்கூட நான்கு புறமும் அடைத்த குளிர்சாதன மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்துப் பெருக்கினால், காதைப் பொத்திக்கொண்டு வெளியே போகத்தான் தோன்றும். “மேளம் என்றாலே இரைச்சல்” என்று இளையவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒலிவாங்கிதான். மண்டபத்துக்குள் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அது தேவையே இல்லை. காலை 4.30 மணி முகூர்த்தங்கள் பெருகிவரும் காலம் இது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குக்குள் தவிர, ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. மண்டபத்தை ஒட்டிய தெருவில் உறங்கும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நினைத்தாவது, வாசலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டுவதை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, கலைஞர்கள் உட்காரும் இடம். பல மண்டபங்களில் அவர்களைச் சமையல்கட்டுக்குப் போகும் வழியிலோ தூணுக்குப் பின்னாலோ உட்காரவைக்கிறார்கள். போதாக்குறைக்கு, தாலி கட்டும் நேரத்தில் புகைப்படக்காரர்களும் வீடியோக்காரர்களும் மேடையை அடைத்துக்கொண்டு நிற்க, நாயனக்காரருக்குப் புரோகிதரின் கையே தெரிவதில்லை. என் மகள் திருமணத்தில் மேடைக்குப் பக்கவாட்டில், மணவறையை நேராகப் பார்க்கும்படி ஜமுக்காளம் விரித்தோம். அந்தப் பக்கம் மட்டும் யாரும் நிற்கக்கூடாது என்று புகைப்படக்காரரிடம் முதல்நாள் இரவே சொல்லியிருந்தோம். அவரும் மறுக்காமல் ஒத்துக்கொண்டார். முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்தியிலேயே கலைஞர்களுக்கு இலை போட்டோம். பேசிய தொகையைத் தாம்பூலத்தோடு அன்றே கையில் கொடுத்தோம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் கற்றுவிட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்குக் கோயிலை அடுத்து வாழ்வு தரக்கூடியது கல்யாண வீடுதான். அவர்களைக் கூப்பிடாமல் பென்டிரைவை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு வீடும் அவர்கள் பிழைப்பில் ஒரு நாளைக் குறைக்கிறது.

எங்கள் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் சடங்கு, மறுபக்கம் ராகம், ஓரத்தில் யார் சைகை காட்ட வேண்டும் என்ற குறிப்பு. கெட்டிமேளத்துக்கு நேரே என் மைத்துனர் பெயர் எழுதியிருக்கிறது. அவர் அந்த அரை மணி நேரமும் வேறு எந்த வேலையையும் தொடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.